கூனங்கரட்டு கோல்ஃப் சங்கம் மலையேறியது

கூனங்கரட்டில் புத்திசாலியே கிடையாது என்று சிலர் சொல்வார்கள். அது அபாண்டம். அந்த ஊர் முழுக்க நான் தேடிப் பார்த்ததில்லை. எனக்குத் தெரிந்த நாலு பேரைப் பற்றி மட்டும்தான் உறுதியாகச் சொல்ல முடியும். அந்த நாலு பேரும் சேர்ந்ததுதான் கூனங்கரடு நண்பர்கள் கோல்ஃப் சங்கம்.

தலைவர் நாச்சிமுத்து, மாவு மில்காரர். மலை மேலே ஒரு பழைய எஸ்டேட் பங்களாவை இடித்தபோது தேக்கு பீரோ ஒன்றை ஏலத்தில் எடுத்து வந்தார். வீட்டில் வைத்துத் திறந்தால் உள்ளே ஒரு தோல் பை. பைக்குள் வளைந்த தலையோடு ஏழு கம்பிகளும் ஒரு டஜன் வெள்ளைப் பந்தும். பார்க்க வந்தவர்கள் எல்லாம் ஆளுக்கொரு பெயர் சொன்னார்கள். இது கோல்ஃப் என்று அடித்துச் சொன்னவர் சென்னியப்பன். முப்பத்தொரு வருஷம் மலை ரூட்டில் பஸ் கண்டக்டராக இருந்தவர் அவர். கோல்ஃப் மைதானத்தை ஜன்னல் வழியாக ஆயிரம் தடவையாவது கடந்து போயிருக்கிறார். ஊரில் இந்த விளையாட்டில் அனுபவம் உள்ள ஒரே ஆள் என்பதால் அவரையே செயலாளர் ஆக்கினார்கள். ரிட்டயரான பிறகும் கழுத்தில் விசில் தொங்கும்.

மூன்றாவது ஆள் பொங்கியண்ணன். கோழிப்பண்ணை வைத்திருக்கிறார். சங்கத்துக்கு ஒரு வண்டி வேண்டும், அவரிடம் முட்டை ஏற்றுகிற வேன் இருந்தது, அவ்வளவுதான் தகுதி.

நாலாவது மயிலாத்தாள். சங்கம் விளையாடுகிற நாலு ஏக்கர் மேட்டுக்காடு அவருடையது. ரெண்டு வருஷம் பொறுத்துப் பார்த்தவர், போன தை மாசம் கூட்டத்தில் எழுந்து நின்றார்.

"ரெண்டு வருசமா என் காட்டைக் கொத்திக்கிட்டு இருக்கறீங்க. ஊர்ல நாலு பேர் கேட்டா காட்டறதுக்கு ஒரு கப்பு இல்லை. இந்தச் சித்திரைக்குள்ள கப்பு வரலைன்னா முருங்கை நட்டுருவேன். சொன்னாச் சொன்னதுதான்."

சொல்லி முடித்ததும் அவருக்கே அழுகை வந்துவிட்டது. அவரும் சங்கத்து உறுப்பினர் அல்லவா? நில உரிமையாளரின் கல் நெஞ்சைக் கண்டித்து அன்றைக்கே ஒரு தீர்மானம் கொண்டுவந்தார். நாலு பேரும் கை தூக்க, தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது.

பங்குனி பிறக்கும்போது பனிமுடி கோல்ஃப் கிளப்பிலிருந்து கடிதம் வந்தது. வருஷா வருஷம் வெளியூர்ச் சங்கங்களைக் கூப்பிட்டு ஒரு சிநேகப் போட்டி நடத்துவார்களாம். கிளப் செயலாளர் மேஜர் தேவசகாயம் கையெழுத்துப் போட்டிருந்தார். சென்னியப்பன் கடிதத்தை டிக்கெட் கிழிக்கிற நிதானத்தோடு வாசித்தார்.

"உங்கள் அணிக்கு முதல் டீ காலை ஏழு பத்து. தாமதமானால் போட்டியிலிருந்து நீக்கப்படுவீர்கள்."

நாச்சிமுத்து கடிதத்தை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"பெரிய எடத்துல எல்லாம் ஒரு ஒழுங்கு வெச்சுருக்கறாங்க பாருங்க," என்றார் நாச்சிமுத்து. "நம்மூர்ல நெனச்ச நேரத்துக்கு டீ குடிக்கறோம்."

"அதுல 'முதல் டீ'ன்னு போட்டுருக்குதுங்களா?" என்று கேட்டார் பொங்கியண்ணன். அவர் முகம் லேசாக வெளுத்திருந்தது.

"முதல் டீன்னுதான் போட்டுருக்குது."

"அப்படின்னா அன்னைக்கு அதுக்கு முன்னால வேற டீ குடிக்கக் கூடாதுங்களா?"

"குடிச்சா அது ரெண்டாவது டீ ஆயிருமில்ல," என்றார் மயிலாத்தாள்.

பொங்கியண்ணன் காலை நாலு மணிக்கு ஒரு டீ, நாலரைக்கு ஒரு டீ குடித்தால்தான் கண் திறக்கிற ஆள். வண்டி ஓட்டப்போவதும் அவர்தான். சென்னியப்பனின் சிக்கல் வேறு. வயிற்றுப்புண் வந்ததிலிருந்து பதினெட்டு வருஷமாக அவர் டீயைத் தொட்டதில்லை.

"எனக்குப் பதிலா வேற யாராவது ரெண்டு டீ குடிச்சா ஒத்துக்குவாங்களா?"

"அது கள்ளாட்டம், கண்டக்டரே," என்றார் தலைவர். "சங்கத்துக்காகக் குடிச்சுத்தான் ஆகணும்."

போட்டி நாளன்று விடியுமுன் முட்டை வேன் மலையேறியது. ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் ஒரு டீக்கடை. ஒவ்வொரு கடையிலும் பால் பொங்குகிற வாசனை. பொங்கியண்ணன் கண்ணில் தண்ணீர் வழிய, மூக்கைப் பிடித்துக்கொண்டு ஒற்றைக் கையால் வண்டி ஓட்டினார். ஆறரைக்கே போய்ச் சேர்ந்துவிட்டார்கள். கிளப் வாசலுக்கு எதிரே இருந்த கடையில் நாலு டீ சொல்லி, கிளாஸைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்கள். கடைக்காரர் ரெண்டு தடவை ஆறிப்போச்சு என்று எடுத்துக் கொட்டிவிட்டு வேறு போட்டுக் கொடுத்தார். சரியாக ஏழு பத்துக்குச் சென்னியப்பன் விசில் ஊதினார். நாலு பேரும் ஒரே மடக்கில் குடித்தார்கள். சென்னியப்பன் மட்டும் கண்ணை மூடிக்கொண்டு, குலதெய்வத்தின் பெயரைச் சொல்லிவிட்டுக் குடித்தார்.

ஏழு இருபதுக்கு மேஜர் தேவசகாயம் வாசலுக்கே ஓடி வந்தார். ஆறடி உயரம், வெள்ளை மீசை, அயர்ன் செய்த கால்சட்டை.

"கூனங்கரடு அணி நீங்கதானா? உங்க டீ ஏழு பத்துக்கு. பத்து நிமிஷம் ஆச்சு!"

"குடிச்சாச்சுங்க, சார்," என்றார் நாச்சிமுத்து, காலி கிளாஸைக் கவிழ்த்துக் காட்டி. "கரெக்ட் டயத்துக்கு. இந்தக் கடைக்காரர் சாட்சி."

மேஜர் ராணுவத்தில் எத்தனையோ பார்த்தவர். ஒரு பெருமூச்சு விட்டு, மலையேறி வந்தவர்களை நீக்க மனசில்லாமல் விட்டுவிட்டார். பந்து வைத்து அடிக்கிற இடத்துக்குப் பெயர்தான் டீ என்று பொறுமையாக விளக்கினார். ஒவ்வொரு குழிக்கும் ஒரு டீ, மொத்தம் பதினெட்டு டீ என்றும் சொன்னார்.

"பதினெட்டா!" என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார் சென்னியப்பன்.

முதல் அடி தலைவருடையது. நாச்சிமுத்து கம்பியை மாவு துழாவுகிற மாதிரி பிடித்திருந்தார். மேஜருக்கு மனசு கேட்கவில்லை. பக்கத்தில் வந்து சொன்னார்:

"ஒண்ணே ஒண்ணு மட்டும் ஞாபகம் வெச்சுக்கங்க. தலையைத் தூக்காதீங்க. நான் சொல்ற வரைக்கும் தூக்கவே தூக்காதீங்க."

நாச்சிமுத்து தலை குனிந்தார், அடித்தார். பந்து பத்தடி தள்ளிப் போய் ஒரு தும்பைச் செடிக்குள் படுத்தது. அதற்குள் யாரோ கூப்பிட, மேஜர் ஆபீசுக்குப் போய்விட்டார். நாச்சிமுத்து தலையைத் தூக்கவில்லை.

"தலைவரே, நடக்கலாமுங்களா?" என்றார் பொங்கியண்ணன்.

"நடக்கலாம். தூக்கக் கூடாதுன்னுதான் சொன்னாரு, நடக்கக் கூடாதுன்னு சொல்லலை."

குனிந்த தலையோடு நடந்தவர் முதலில் ஒரு யூகலிப்டஸ் மரத்தில் முட்டினார். "மன்னிச்சுக்கங்க, யாருன்னு தெரியலை," என்று மரத்திடம் கும்பிட்டார். அப்புறம் பொங்கியண்ணன் அவர் கையைப் பிடித்து நடத்திக் கூட்டிப் போனார்.

முன்னால் ஆடிக்கொண்டிருந்தது அடிவாரத்து ஊர் ஒன்றின் பல் டாக்டர்கள் சங்கம். அதில் டாக்டர் சபாபதி என்பவர் இளகின மனசுக்காரர். தலை குனிந்து கை பிடித்து நடத்தப்படுகிற மனிதரைப் பார்த்ததும் ஆட்டத்தை விட்டுவிட்டு வந்தார். மயிலாத்தாளைத் தனியாகக் கூப்பிட்டு, தணிந்த குரலில் கேட்டார்:

"எப்பங்கம்மா நடந்துச்சு?"

"இப்பத்தாங்க. ஏழரை இருக்கும்."

"அடடா. திடீர்னா?"

"ஆமாங்க. மேஜர் வந்து காதுல சொன்னாரு. அப்போ குனிஞ்ச தலைதான்."

டாக்டர் நாச்சிமுத்துவின் தோளைத் தட்டி, "மனசைத் தளர விட்டுறாதீங்க. எல்லாருக்கும் வர்றதுதான்," என்றார். நாச்சிமுத்து தரையைப் பார்த்தபடியே, "அடுத்த குழில சரி பண்ணிருவேனுங்க," என்றார். அடுத்த குழி என்ற வார்த்தையைக் கேட்டதும் டாக்டர் கண்ணைத் துடைத்துக்கொண்டு போனார்.

ஒரு வழியாக முதல் குழி இருக்கிற இடத்துக்கு வந்தார்கள். குழியில் ஒரு சிவப்புக் கொடி நட்டிருந்தது. அதைப் பார்த்ததும் சென்னியப்பன் அட்டென்ஷனில் நின்றார். "கொடியை எடுத்துட்டு ஆடுங்க!" என்று தூரத்திலிருந்து மைதானக் காவலாளி சத்தம் போட்டார். எடுத்தார்கள். எடுத்ததைத் திருப்பி நட வேண்டும் என்று அவர் சொல்லவில்லை. அதனால் மயிலாத்தாள் கொடியைத் தோளில் சாய்த்துக்கொண்டு நடந்தார். ரெண்டாவது குழியில் இன்னொன்று கிடைத்தது. வேலி ஓரமாக நடந்துபோன தோட்டத் தொழிலாளிகள் சிலர், கொடி பிடித்து வருகிற பெண்ணையும், கையைப் பிடித்து அழைத்துவரப்படுகிற தலைவரையும் பார்த்து நின்றார்கள்.

"எந்தக் கட்சிங்க?"

"கூனங்கரடு நண்பர்கள்."

"புதுசுங்களா? பிரியாணி உண்டுங்களா?"

"இல்லைங்க, டீதான். பதினெட்டு."

அவர்கள் ரொம்ப நேரம் பின்னாலேயே வந்தார்கள்.

பின்னால் ஆடிய அணிக்காரர்களோ குழி எங்கே இருக்கிறது என்று தெரியாமல் புல்லைத் தடவிக்கொண்டு திரிந்தார்கள்.

மூன்றாவது குழிக்கு முன்னால்தான் அந்தப் பேரிடி விழுந்தது. டாக்டர் சபாபதி ஆறுதலாகப் பேச்சுக் கொடுக்கலாம் என்று திரும்பி வந்தார். எத்தனை அடி ஆகிறது என்று கேட்டார்.

"மயிலக்காதான் முன்னால நிக்கறாங்க," என்றார் சென்னியப்பன் பெருமையாக. "ரெண்டு குழிக்கு நாப்பத்தொம்பது. எங்கூர்ல அவங்கதான் சாம்பியன். ஒரு தடவை இருநூத்திப் பன்னண்டு அடிச்சாங்க."

"ஐயோ, இதுல குறைவா அடிச்சவங்கதானே ஜெயிப்பாங்க?" என்றார் டாக்டர்.

டாக்டர் தன் அணியோடு போய்ச் சேர்ந்துகொண்டார். மயிலாத்தாள் மெதுவாகப் புல்லில் உட்கார்ந்தார்.

"அப்ப ரெண்டு வருசமா நான் தோத்துக்கிட்டா இருந்தேன்?"

"அது போகட்டும், அக்கா," என்றார் சென்னியப்பன். "இப்ப யோசிக்கோணும். குறைவா அடிச்சாத்தான் ஜெயிப்போம். எவ்வளவு குறைவா?"

"ஒண்ணு," என்றார் பொங்கியண்ணன்.

"ஒண்ணை விடக் குறைவு?"

பொங்கியண்ணன் விரலை மடக்கிப் பார்த்தார். கடைசி விரலையும் மடக்கினதும் அவர் முகத்தில் வெளிச்சம் வந்தது. "அடிக்கவே கூடாது!"

"ஆனா பந்து குழிக்குள்ள போகோணும்."

"காலால தள்ளிரலாமா?"

"தள்ளறதும் அடிதான்," என்றார் நாச்சிமுத்து தரையைப் பார்த்தபடி. "கையால எடுத்துப் போட்டா திருட்டு."

அப்போது காற்றடித்தது. பந்து தானாக ஒரு விரற்கடை உருண்டது. நாலு பேரும் அதைப் பார்த்தார்கள். அப்புறம் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்தார்கள், தலைவரைத் தவிர.

"ஊதினா அது அடியில்லைங்களே," என்றார் சென்னியப்பன்.

மூன்றாவது குழி நூற்றியறுபது கஜம். நாலு பேரும் மண்டியிட்டார்கள். முப்பத்தொரு வருஷம் விசில் ஊதின நுரையீரல் சென்னியப்பனுடையது. மேட்டில் அவர் ஊதினார். பள்ளத்தில் மயிலாத்தாள். பொங்கியண்ணனுக்கு டீ பத்தாததால் மூச்சு வாங்கியது, ஆகவே புல்லை விலக்கிக் கொடுத்தார். அன்றைய வேலைகளில் நாச்சிமுத்துவுக்கு இது ஒன்றுதான் சுலபமாக இருந்தது. தலை ஏற்கனவே கீழேதான்.

முக்கால் மணி நேரத்தில் நாற்பது கஜம் கடந்தார்கள். பின்னால் ஆறு அணிகள் வரிசை கட்டி நின்றன. யாரோ ஒருத்தர், இவர்கள் நேர்த்திக்கடன் செலுத்துகிறார்கள், தொந்தரவு செய்யாதீர்கள் என்று மற்றவர்களிடம் சொல்லிக்கொண்டிருந்தார்.

மேஜர் ஜீப்பில் வந்து இறங்கினார். நாலு முதுகுகளையும் பார்த்தார்.

"என்னய்யா பண்றீங்க?"

"ஜெயிச்சுக்கிட்டு இருக்கறோமுங்க," என்று தரையிலிருந்து நாச்சிமுத்து குரல் கொடுத்தார்.

"ஒரு ஆபீசர் பேசறேன், தலையைத் தூக்கிப் பதில் சொல்லுங்கய்யா!"

நாச்சிமுத்து தலையைத் தூக்கினார். கழுத்து நட்டு கழன்ற மாதிரி ஒரு சத்தம். "ரொம்ப நன்றிங்க சார்," என்றார் மனசார. "நீங்க மறந்துட்டீங்களோன்னு நெனச்சேன். ஊரு ரொம்ப அழகா இருக்குதுங்க."

மேஜர் தொப்பியைக் கழற்றித் தலையைத் துடைத்துக்கொண்டார். இந்த ஆட்டத்தில் உங்களுக்கு இனி இடமில்லை என்று சொல்லவே வாயெடுத்தார். மயிலாத்தாள் முகத்தைப் பார்த்ததும் தயங்கினார்.

"கப்பு இல்லாமப் போனா முருங்கை நடோணுங்க, சார்," என்றார் மயிலாத்தாள். "என் காடுதான். நாந்தான் நடுவேன். எனக்கே பிடிக்கலை."

மேஜருக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனால் அழப்போகிற பெண்மணியின் முன்னால் கறாராக நிற்க ராணுவத்தில் யாரும் அவருக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை. "சரி. பதினெட்டாவது டீயில நீண்ட தூர அடிக்கு ஒரு தனிக் கோப்பை இருக்கு. ஆளுக்கு ஒரே அடி. அதை மட்டும் அடிச்சுட்டுப் பொறப்படுங்க. ஊதக் கூடாது."

பதினெட்டாவது டீ மலை ரோட்டை ஒட்டி இருந்தது. பக்கத்தில் ஒரு பலகை: "பந்து எங்கு போய் நிற்கிறதோ, அதுவரை அளக்கப்படும்." பல் டாக்டர்கள் ஏற்கனவே அடித்து முடித்திருந்தார்கள். சபாபதியின் பந்துதான் முன்னால் கிடந்தது, இருநூற்றுப் பத்து கஜம்.

நாச்சிமுத்து அடித்தார். இந்தத் தடவை தலை நிமிர்ந்தே இருந்ததால் பந்து எங்கே இருக்கிறது என்றே தெரியவில்லை, கம்பி காற்றில் சுற்றி அவரையும் ஒரு சுற்றுச் சுற்றியது. சென்னியப்பன் அடித்தது முப்பது கஜம். பொங்கியண்ணன் ஓங்கினபோது கம்பி கை நழுவி சபாபதியின் பந்தையும் தாண்டிப் போய் விழுந்தது. கம்பியை அளக்க முடியாது என்று சொல்லிவிட்டார்கள்.

மயிலாத்தாள் மட்டும்தான் பாக்கி. பந்துக்கு மஞ்சள் பூசி, குங்குமம் வைத்தார். முந்தானையை இழுத்துச் செருகினார். முருங்கை மரம் கண்ணெதிரே நிற்கிற மாதிரி பந்தை முறைத்தார். புளியம்பழம் உலுக்குகிற வேகத்தில் ஒரு வீசு வீசினார்.

பந்து நேராகப் போகவில்லை. வலது பக்கம் சீறி, காவலாளி கொட்டகையின் தகரக் கூரையில் 'டங்'கென்று விழுந்து எகிறி, வேலியைத் தாண்டி, வளைவில் மெதுவாகத் திரும்பிக்கொண்டிருந்த ஒரு கேரட் லாரியில், மூட்டைகளுக்கு நடுவே போய் விழுந்தது. லாரி வளைவைத் தாண்டிக் கீழே இறங்கியது.

"வெளிய போயிடுச்சு. கணக்கில்லை," என்றார் மேஜர்.

சென்னியப்பன் பலகையைக் காட்டினார். "எங்கு போய் நிற்கிறதோன்னு போட்டுருக்குதுங்க சார். வெளியன்னோ உள்ளன்னோ போடலை. பந்து இன்னும் நிக்கலை."

மேஜர் பலகையைப் படித்தார். எழுதினது அவர்தான். மணி பதினொன்று, தேங்கிப்போன ஆறு அணியும் இன்னும் மூன்றாவது குழிப் பக்கம்தான் இருந்தன.

"அப்படின்னா எங்க நிக்குதுன்னு போய்ப் பார்த்துட்டு போன் பண்ணுங்க," என்றார், அவர்கள் தொலைந்தால் போதும் என்கிற ஒரே எண்ணத்தோடு.

அவர் சொல்லி முடிக்கும்முன் முட்டை வேன் கிளம்பிவிட்டது. பொங்கியண்ணன் இந்தத் தடவை ரெண்டு கையாலும் ஓட்டினார். கொண்டை ஊசி வளைவுகளில் லாரி தெரிவதும் மறைவதுமாக இருந்தது. குரங்குகள் ரோட்டோரம் ஒதுங்கி நின்று பார்த்தன. மயிலாத்தாள் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி, "நிக்காத, சாமி, நிக்காத!" என்று பந்தை வேண்டிக்கொண்டே வந்தார்.

மேட்டுப்பாளையம் காய்கறி மண்டியில்தான் லாரி நின்றது. பாதி மூட்டையை இறக்கினதும் பந்து கண்ணில் பட்டது. ஒரு சுமைதூக்குகிறவர் அதை எடுக்கக் குனிந்தார்.

"தொடாதீங்க!" என்று நாலு பேரும் அலறினார்கள். "ஆட்டம் நடக்குது!"

அவர் கையை உதறிக்கொண்டு பின்னால் நகர்ந்தார். மஞ்சளும் குங்குமமும் இருப்பதைப் பார்த்துவிட்டு, செய்வினை போல என்று பக்கத்து ஆளிடம் சொன்னார். அதற்குப் பிறகு அந்தப் பக்கமே யாரும் வரவில்லை.

சென்னியப்பன் போன் போட்டார். "சார், நின்னுருச்சு. மேட்டுப்பாளையம் மண்டி. பன்னண்டு ஸ்டேஜுங்க சார், பழைய ரூட்டு கணக்குக்கு."

மேஜர் தூரத்தைக் குறித்துக்கொள்ளவில்லை.

"மறுபடியும் மேல வருவீங்களா?" என்று கேட்டார் மேஜர்.

"கப்பு வாங்கறதுக்கு வரோணுமில்லைங்களா?"

"வேண்டாம்! நீங்க ஜெயிச்சாச்சு. டாக்டர் சபாபதி அந்த வழியாத்தான் வீட்டுக்குப் போறாரு. அவர்கிட்ட குடுத்து விடறேன். நீங்க அங்கயே இருங்க. அங்கயே."

மூன்று மணிக்கு டாக்டர் சபாபதி காரில் வந்து இறங்கினார். அவர் அடித்ததுதான் உண்மையில் ஜெயித்த அடி என்றாலும், துக்கத்தில் இருக்கிற மனிதரோடு போட்டி போட அவருக்கு இஷ்டமில்லை. கோப்பையை நாச்சிமுத்து கையில் கொடுத்து, கட்டிப்பிடித்து, "அவங்க ஆத்மா சாந்தியடையும்," என்றார். யாருடைய ஆத்மா என்று கேட்பது மரியாதை இல்லை என்பதால் நாச்சிமுத்து, "கண்டிப்பாங்க," என்றார்.

மயிலாத்தாள் கோப்பையைக் கையில் வாங்கி அழுதார், சிரித்தார், முந்தானையால் துடைத்தார். பொங்கியண்ணன் அன்றைக்கு ஒன்பதாவது டீயைக் குடித்துக்கொண்டிருந்தார். டாக்டர் கார் போனதும், லாரியின் முன்னால் நின்று ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளலாம் என்று வரிசையாக நின்றார்கள். கடைக்காரர் ஒருத்தர் போனைத் தூக்கிப் பிடித்தார்.

"லாரியும் தெரியுதுங்களா?" என்று கேட்டார் தலைவர்.

"தெரிஞ்சுது," என்றார் கடைக்காரர். "இப்பத் தெரியலை."

திரும்பிப் பார்த்தார்கள். மீதிப் பாதி மூட்டை பாலக்காட்டுக்காம். லாரி மண்டி வாசலைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தது. உள்ளே பந்து. வேனை எடுக்கலாம் என்று ஓடினால், முன்னால் ஒரு முட்டைக்கோஸ் வண்டியும் பின்னால் ஒரு முட்டைக்கோஸ் வண்டியும் நின்றன.

நாலு பேரும் வேன் படியில் உட்கார்ந்தார்கள். கோப்பை நடுவில் இருந்தது. யாரும் அதைத் தொடவில்லை.

"பந்து நிக்கலை," என்றார் சென்னியப்பன் கடைசியில்.

"நின்னுச்சே! நான் கண்ணால பார்த்தனே," என்றார் பொங்கியண்ணன்.

"பஸ்ஸு ஸ்டாப்ல நின்னா ட்ரிப்பு முடிஞ்சுதுன்னு அர்த்தமா? ஆள் எறக்கறதுக்கு நின்னுருக்குது. அவ்வளவுதான்."

முப்பத்தொரு வருஷ அனுபவம் பேசும்போது யார் எதிர்ப்பேச்சுப் பேச முடியும்?

"அப்ப இந்தக் கப்பு நம்முளுது இல்லை," என்றார் நாச்சிமுத்து.

"கப்பு இல்லைன்னா முருங்கைதான்," என்றார் மயிலாத்தாள். "நான் சொல்லித் தொலைச்சுட்டேனே. எனக்கு நானே எப்படிச் சமாதானம் சொல்லுவேன்?"

பொய் சொல்லிக் கோப்பை வைத்துக்கொள்ள அந்த நாலு பேருக்கும் தெரியாது. பொய் சொல்லவும் கொஞ்சம் மூளை வேண்டும். ஊர் திரும்பியதும் மேஜருக்கு ஒரு கடிதம் எழுதினார்கள். பந்து நிற்கவில்லை, பாலக்காடு பக்கம் போய்க்கொண்டிருக்கிறது, அதற்கப்புறம் கொச்சியோ கப்பலோ தெரியாது, தவறான தகவல் கொடுத்ததற்கு வருந்துகிறோம், கோப்பையை நேரில் கொண்டுவந்து ஒப்படைக்கிறோம், வருகிற ஞாயிறு நாலு பேரும் மலையேறுகிறோம் என்று விவரமாக எழுதி, நாலு பேரும் கையெழுத்துப் போட்டார்கள். வரப்பு ஓரத்தில் மயிலாத்தாள் அழுதுகொண்டே முருங்கைக் குச்சிகளை வெட்டி அடுக்கிவைத்தார்.

பதில் மூன்றாம் நாளே ஸ்பீட் போஸ்டில் வந்தது.

"தயவுசெய்து வர வேண்டாம். கோப்பை உங்களுடையதே. ஒரே ஒரு நிபந்தனை: அந்தப் பந்தை நீங்கள் எல்லாரும் அடியோடு மறந்துவிட வேண்டும்."

கூனங்கரட்டில் அன்றைக்குப் பட்டாசு வெடித்தார்கள். முருங்கைக் குச்சிகளைப் பொங்கியண்ணன் ஆடுகளுக்குப் போட்டார். கோப்பை மாவு மில்லில், ஊர்க்காரர்கள் பார்க்கிற மாதிரி, தராசுக்கு மேலே உட்கார்ந்தது.

ஆனால் நிபந்தனை நிபந்தனைதான். மறக்கவில்லை என்றால் கோப்பை போய்விடும். யார் மறந்தார்கள், யார் மறக்கவில்லை என்று கண்காணிக்கிற பொறுப்பைச் சங்கம் செயலாளரிடம் ஒப்படைத்தது. அதனால் ஞாயிறு தவறாமல் காலை ஏழு பத்துக்கு மேட்டுக்காட்டில் கூட்டம் நடக்கிறது. போன வாரம் நானே போய்ப் பார்த்தேன். சென்னியப்பன் விசில் ஊதினார், நோட்டைத் திறந்தார், ஒவ்வொருத்தராக எழுப்பினார்.

"தலைவரே, பந்தை மறந்துட்டீங்களா?"

"எந்தப் பந்துங்க?" என்றார் நாச்சிமுத்து.

"அதானுங்க, மயிலக்கா மஞ்சள் பூசி அடிச்சுது. தகரத்துல பட்டு, கேரட் லாரில விழுந்து, மேட்டுப்பாளையம் வந்து, பாலக்காடு போச்சே."

நாச்சிமுத்து கண்ணை மூடி, நெற்றியைச் சுருக்கி, கவனமாக யோசித்தார்.

"ஓ, அதுங்களா. அது மறந்துருச்சுங்க."

"சரி, உக்காருங்க. அடுத்து மயிலக்கா."